பதினெட்டு நடக்கிறது

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
27 ஜூலை 2025, ஞாயிறு.

அன்புள்ள அண்ணனுக்கு,

இல்லை, அப்பா பொய் சொல்லவில்லை. பொய் என்றால் எனக்கு இது சுலபமாக இருந்திருக்கும்.

'பதினெட்டு நடக்கு' என்றுதான் மாப்பிள்ளை வீட்டுக் கோமதிநாயகம் மாமாவிடம் போனில் சொன்னார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நடக்கு. அது உண்மை. நம் கடைக்குட்டி ஷாலினி பிறந்தது 2007 டிசம்பர் 11. பதினேழு முடிந்து பதினெட்டு நடக்கிறது. நம் வீட்டில் எல்லோருடைய வயதும் நடந்துகொண்டேதான் இருக்கும். உனக்கு முப்பது நடக்கிறது. எனக்கு இருபத்தைந்து. எதிர்வீட்டு மராட்டிக்கார அக்காவிடம் அப்பா இதையே இந்தியில் சொன்னார்: 'அட்டாரா சாலூ ஹை.' அந்த அக்காவும் தலையாட்டினாள்.

சட்டத்தில் நடப்பது கிடையாது. முடிந்திருக்க வேண்டும். பதினெட்டு ஆண்டுகள் பூர்த்தி. ஆவணி 13, வெள்ளிக்கிழமை, உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் கணேசபாண்டியன் இங்கே வந்து அவளுக்குத் தாலி கட்டும்போது, அவளுக்குப் பதினேழு வருடம், எட்டு மாதம், பதினெட்டு நாள். நாள் கணக்கில் மட்டும் பதினெட்டு இருக்கிறது.

ஏன் வாட்ஸ்அப்பில் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினால் உடனே வீட்டுக்குப் போன் போடுவாய். அம்மா ஸ்பீக்கரில் போடுவாள். பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதனால் மெயில். அதுவும் தமிழில். நீயும் நானும் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் மீடியம். ஷாலினி இங்கிலீஷ் மீடியம். என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாலும் முதல் வரியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மூடிவிடலாம். இப்போதும் வந்து நின்றாள். 'லவ் லெட்டரா?' என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நீ அனுப்பிய செய்தியைப் பலமுறை படித்தேன். கொரியாவில் குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது, ஜனவரி ஒன்றாம் தேதி எல்லோருக்கும் இன்னொன்று, அந்தக் கணக்கில் ஷாலினிக்குப் பத்தொன்பது, கவலையை விடு என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். அண்ணே, அந்தக் கணக்கை அந்த நாடே 2023 ஜூனில் விட்டுவிட்டது. காகிதத்தில் இனி முடிந்த வயதுதான். ஒரே நாளில் அத்தனை பேருக்கும் ஒரு வயது, சிலருக்கு இரண்டு வயது குறைந்தது. உங்கள் கப்பல் பட்டறையில் யாரும் சொல்லவில்லையா?

எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று மாதமாக இதுதான் என் வேலை. தேவ்நாரில் நான் போகும் ஆய்வு அலுவலகத்தில் ஓர் அட்டவணை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வரி. ஆணின் வயது, பெண்ணின் வயது, உண்மையில் எந்த வயதில் மணக்கிறார்கள், கடைசியாக விதிவிலக்கு. சீனாவில் ஆணுக்கு இருபத்திரண்டு, பெண்ணுக்கு இருபது. நேபாளத்தில் இருவருக்கும் இருபது. ஜப்பானில் மூன்று வருடத்துக்கு முன்புவரை பெண்ணுக்குப் பதினாறு போதும், இப்போது பதினெட்டு. பெற்றோர் சம்மதித்தால் பதினாறு என்று இங்கிலாந்தில் இருந்தது, 2023இல் எடுத்துவிட்டார்கள். ஸ்வீடனில் பதினெட்டில் மணக்கலாம், ஆனால் முப்பது தாண்டித்தான் மணக்கிறார்கள். நைஜரில் நான்கில் மூன்று பெண்களுக்குப் பதினெட்டுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

எந்தத் தாளிலும் விதிவிலக்குக் கட்டம்தான் அகலமானது. பெற்றோர் சம்மதம். நீதிபதி சம்மதம். கர்ப்பம். வழக்கம். இந்தியாவின் வரியை நான்தான் தட்டினேன். ஆண் இருபத்தொன்று, பெண் பதினெட்டு. பூர்த்தி. தட்டி முடித்து, செம்பூரில் பஸ் மாறி வீட்டுக்கு வந்தால், அப்பா போனில்.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கே ஒழுங்காகத் தெரிகிறது. மே மாதம் கணேசபாண்டியனுக்குக் கேட்டது என்னை. நான் வேண்டாம் என்றேன். அவர்மேல் குறை இல்லை. இரண்டு வருடத்துக்கு விசாவில் அழைத்துக்கொள்ள முடியாது, அதுவரை சங்கரன்கோவிலில் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். நான் எம்.ஏ. முடித்து முதல் சம்பளம் வாங்கிய மாதம் அது. வேண்டாம் என்றேன். ஒரு சொல். அது எங்கே போய் விழும் என்று யோசிக்கவில்லை. அப்பா மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் தேதி குறித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு ஆவணியில் மூன்று வாரம்தான். வாக்கு அப்படியே இருந்தது, பெண் மாறியது.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். கணேசபாண்டியனிடம் அவளுடைய பிறந்த தேதியைச் சொல். வயதைச் சொல்லாதே. தேதியை மட்டும். மீதியை அவர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். தையில் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் அப்பாவுக்குத் தலைகுனிவு இல்லை.

கையுறை போட்டுக்கொண்டு வேலை செய். போன வீடியோவில் கையில் தீப்புண் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

உன் தங்கை,
ஸ்ரீலேகா.


5 ஆகஸ்ட், செவ்வாய்.

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பதில் கிடைத்தது. 'நாலு மாசத்துக்காண்டி இந்தக் குதி குதிக்க?' என்று கேட்டிருக்கிறாய். ஆவணியில் தாலி கட்டிவிடலாம், பதிவை ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். செய்கிறார்கள். அடுத்த சந்தில் இரண்டு வீட்டில் அப்படி நடந்த கல்யாணத்தில் நானே சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் சட்டம் பதிவு செய்யும் நாளைப் பார்ப்பதில்லை. தாலி கட்டும் நாளைப் பார்க்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, எழுதலாமா என்று யோசித்தேன். இப்படி ஒரு கல்யாணத்தை நடத்திவைத்தால் இரண்டு வருடம் வரை சிறை. முதலில் மாப்பிள்ளை. பிறகு அப்பா, கோமதிநாயகம் மாமா, மண்டபத்துக்காரர், மந்திரம் சொன்னவர். உடந்தையாக இருந்த பெண்களுக்குச் சிறை இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. அம்மாவும் நானும் வீட்டில் இருப்போம். வரன் கொண்டுவந்தது நீ. உன்னை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

பயமுறுத்தவில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மூன்று முறை தட்டிவிட்டு அழித்தேன். அப்பாவின் வெல்டிங் பட்டறைக்குப் போலீஸ் வந்தால் முதலாளி என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை அப்பாவோடு மண்டபத்துக்குப் போனேன். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம். மேனேஜர் வானமாமலை அண்ணாச்சி, நாங்குநேரிக்காரர். நல்ல மனிதர். 'கெவர்மென்ட்ல கேக்கான், புள்ளையோட ஆதார் ஒரு ஜெராக்ஸ் குடுங்க' என்றார். அப்பா கொடுத்தார். அவள் ஆதார் சின்ன வயதில் எடுத்தது, பழைய கார்டு. அதில் நாள் இல்லை, மாதம் இல்லை. பிறந்த ஆண்டு 2007. அவ்வளவுதான். அண்ணாச்சி விரலை மடக்கினார். 'இருவத்தஞ்சுல ஏழு போனா பதினெட்டு. சரியா இருக்கு.' ஸ்டேப்ளர் அடித்தார். பிறகு என்னைப் பார்த்து, 'மூத்தவளுக்கு எப்ப பிச்சையண்ணே?' என்று கேட்டார். 'அவ படிக்கா' என்றார் அப்பா. படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகிறது.

எட்டு நிமிடம் இருந்திருப்போம். டிசம்பர் என்ற ஒரு சொல் போதும். அந்த எட்டு நிமிடத்தில் நான் பேசியது, டீ வந்தபோது 'சர்க்கரை போதும்' மட்டும்.

அன்றைக்கே சாயங்காலம் ராஜலக்ஷ்மி அக்கா கடையில் ஜாக்கெட் அளவு கொடுக்கப் போனோம். அவள்தான் ஷாலினிக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து யூனிஃபார்ம் தைத்தவள். டேப்பைச் சுற்றிக்கொண்டே பழக்கத்தில் சொன்னாள்: 'உள்ள ரெண்டு இஞ்சு விட்டுத் தைக்கேன். வளர்ற புள்ள.' முகூர்த்தப் பட்டுக்கான ஜாக்கெட் அது. அம்மா சரி என்று தலையாட்டினாள். பிறகு அம்மா தலையைத் திருப்பி வெளியே ரோட்டைப் பார்த்தாள். ஷாலினி கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றி நீ கேட்டாய். அவள் அழவில்லை. அழுதால் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன், நேராக எங்காவது போயிருப்பேன். அவளுக்குச் சந்தோஷம். கொரிய சீரியல் பார்த்து முப்பது வார்த்தை தெரியும். பீரோ கதவில் அந்த எழுத்துகளை ஒட்டியிருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்துக்கு இன்னும் அட்டை போடவில்லை. கணேசபாண்டியன் அனுப்பும் பனி, கடல், கப்பல் எல்லாம் அவள் போனில் இருக்கிறது. முதல் இரண்டு வருடம் சங்கரன்கோவிலில் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன். 'ஊர்லயா?' என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: 'உனக்கு வேணாம்னு சொன்னே. ஓகே. எனக்கு வேணும். ஜல் ரஹீ ஹை கியா?' வயிறு எரியுதா என்று கேட்கிறாள். பாத்திரம் கழுவிக்கொண்டே.

எரிகிறதா? அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பஸ்ஸில் போய் வந்தேன். நான் விட்ட இடத்தில் அவள் உட்கார்வதைப் பார்க்கப் பிடிக்கவில்லையோ. இருக்கலாம். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் எனக்குப் பொறாமை என்பதால் அவளுக்கு வயது கூடிவிடாது.

அப்பாவுக்கு ஏதோ வாசனை வந்துவிட்டது. நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சொன்னார்: 'எட்டி, நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு. அவ காலேஜுக்குப் போவா. நான் அவுககிட்ட பேசிக்கிடுதேன்.' கோபம் இல்லை. அதுதான் கஷ்டம். நேற்றும் இன்றும் மனதுக்குள் சரி என்று சொல்லிப் பார்க்கிறேன். ஷாலினிக்காக என்று சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறேன். அந்தச் சரி என் வாயில் நிற்கவில்லை. நான் சரி என்றால் அவள் தப்பித்தாள் என்று ஆகாது. இந்த வீட்டில் ஒருத்தி தர வேண்டும் என்று ஆகும்.

அண்ணே, நீயும் அதைக் கேட்டுவிடாதே.

இருபதாம் தேதி கணேசபாண்டியன் விமானம் ஏறுகிறார். அதற்கு முன் சொல்.

ஸ்ரீலேகா.


14 ஆகஸ்ட், வியாழன்.

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று நீ பேசியது எனக்குப் புரிந்தது. ஒரே அறை, ஒரே குக்கர், ஒரே ஷிஃப்ட். பத்து மணி நேரம் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவனிடம், அதுவும் ஊருக்கு எடுத்துப்போக நகை வாங்கி வைத்திருக்கிறவனிடம், எந்த வாயால் சொல்வது என்று கேட்டாய். இரண்டு முறை ஆரம்பித்தாயாம். இரண்டு முறையும் அவர் ஷாலினிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டாராம். நீ 'ஊதா' என்றாயாம்.

அவளுக்கு மஞ்சள்தான் பிடிக்கும். அது இருக்கட்டும்.

அவர் நல்லவர் என்றாய். நம்புகிறேன். நல்லவர் என்றால் தேதி தெரியாமல் அவரை மணவறையில் உட்காரவைப்பது அவருக்குச் செய்யும் துரோகம். முதல் குற்றவாளி அவர். அவருக்கே அது தெரியாது. அவர் பெயரில் ஒரு வழக்கு வந்தால் விசா என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நீ யோசித்துப் பார்.

இன்னொரு விஷயம். அவளுக்கே பின்னால் மனம் மாறினால் இந்தக் கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லி அவள் கோர்ட்டுக்குப் போகலாம். இருபது முடியும்வரை. பிறகு அந்த வாசல் மூடிவிடும். இதை அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை. நானாகப் படித்தேன். பத்தொன்பது வயதில், கையில் ஒரு குழந்தையோடு, சங்கரன்கோவிலிலிருந்து அவள் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? யார் கூடப் போவார்கள்? நீ கொரியாவில் இருப்பாய்.

பிறப்புச் சான்றிதழைத் தேடினேன். பீரோவில் எல்லோருடையதும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கும். உன்னுடையது, என்னுடையது இருந்தது. அவளுடையது இல்லை. அப்பா எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு நாள் அப்படி நினைத்துக்கொண்டே அவருக்குச் சோறு போட்டேன்.

இன்று காலை நான் கிளம்பும்போது அம்மா பையை நீட்டினாள். 'எலுமிச்சங்கா சோறு வச்சிருக்கேன். அடியில பாத்து எடு, கொட்டிரும்' என்றாள். கொட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் திறந்தேன். டப்பாவுக்கு அடியில், செய்தித்தாளில் மடித்து, சான்றிதழ். ஷாலினி பிச்சை. 11.12.2007. கொஞ்சம் எண்ணெய் பட்டிருந்தது.

அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது எத்தனை நடந்தது என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. நீ பிறந்தது எந்த வருடம், அவளுக்கு இப்போது எத்தனை என்று கழித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டேன். வெகு நேரம் கழித்துச் சாப்பிட்டேன். மிச்சம் கொண்டுபோனால் அவள் கேட்பாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. 'சோறு சரியா இருந்துச்சா?' என்றாள். இருந்தது என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஷாலினி பக்கத்தில் உட்கார்ந்து காதில் ஒயர் மாட்டி ஏதோ கொரியப் பாட்டு.

நாளை விடுமுறை. சனிக்கிழமை மண்டபம் திறந்திருக்கும். அதுவரை காத்திருக்கிறேன். நீ சொல்லிவிட்டால் நான் எங்கும் போக வேண்டாம். நீ சொல்வதும் நான் செய்வதும் ஒன்றல்ல. நீ சொன்னால் அது மாப்பிள்ளை வீட்டு முடிவு. நான் செய்தால் மூத்தவள் கெடுத்தாள் என்று ஆகும். பரவாயில்லை, ஆகட்டும். ஆனால் அப்பாவுக்கு அது எப்படி இருக்கும் என்பதை மட்டும் யோசி.

அவள் டிசம்பருக்குப் பிறகும் அவரையே கேட்டால், தையில் நான் முன்னால் நின்று வேலை செய்வேன். அதை அவரிடமும் சொல். சத்தியமாகச் சொல்கிறேன் என்று சொல். அவள் பரீட்சை எழுதட்டும். அதற்குள் அவளுக்கே வேண்டாம் என்று ஆகலாம். ஆகாமலும் போகலாம். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு நாலு மாதம் கொடு, அண்ணே. நாலு மாதம்தானே என்று நீயே கேட்டாய்.

அங்கே மழை என்று டிவியில் காட்டினார்கள். உயரத்தில் நிற்கும்போது பெல்ட்டைப் போட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். அவரும் நன்றாக இருக்க வேண்டும். இன்று இரவு அவர் சாப்பிட உட்காரும்போது சொல். அந்தத் தேதியை மட்டும்.

உன் தங்கை,
ஸ்ரீலேகா.


16 ஆகஸ்ட், சனி.

அண்ணே,

பதில் வரவில்லை. காலை பத்து மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். சான்றிதழின் நகலை வானமாமலை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு தேதியை இரண்டு முறை வாசித்தார். 'ஒங்க அப்பாவுக்குத் தெரியுமாம்மா?' என்று கேட்டார். இன்னும் அரை மணி நேரத்தில் தெரியும் என்றேன். ரயில் பாலத்தில் ஏறி இறங்கிப் பட்டறைக்கு நடந்து போனேன். அப்பா ஓர் இரும்புக் கதவுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முடித்து நிமிரும்வரை வாசலில் நின்றேன். பிறகு சொன்னேன்.